மூன்றாம் கட்சிக்கு விழும் ஓட்டு

1852 முதல் அமெரிக்காவில் நடந்த ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி அல்லது குடியரசுக் கட்சி, இந்த இரண்டில் ஒன்றுதான் வென்றிருக்கிறது. ஆனால் வாக்குச்சீட்டில் இந்த இரண்டு பெயர்கள் மட்டும் இருப்பதில்லை. லிபர்டேரியன் கட்சி, பசுமைக் கட்சி, சோஷலிஸ்ட் கட்சிகள், சுயேச்சைகள் என்று பலர் ஒவ்வொரு முறையும் நிற்கிறார்கள். அவர்களுக்கு லட்சக்கணக்கில் ஓட்டு விழுகிறது, பதவி கிடைப்பதில்லை. காலப் நிறுவனம் 2023இல் நடத்திய கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் நாட்டுக்கு மூன்றாவதாக ஒரு பெரிய கட்சி வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில் இரு பெரிய கட்சிகளையும் தவிர்த்து வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

விருப்பத்துக்கும் வாக்குக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பதற்கு மக்களின் கோழைத்தனமோ மறதியோ காரணமில்லை. ஓட்டுகளை எண்ணும் முறைதான் முதல் காரணம். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிட்டனில் உருவாகி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் போன முறை இது. ஒரு தொகுதியில் மூவர் போட்டியிட்டு 40, 35, 25 சதவீதம் ஓட்டு வாங்கினால் 40 வாங்கியவர் உறுப்பினராகிவிடுவார். மற்ற 60 சதவீதம் பேருக்கு அவரைத் துளியும் பிடிக்காவிட்டாலும் முடிவு அதுதான்.

இந்த முறை இருக்கும் இடத்தில் கட்சிகள் இரண்டாகச் சுருங்கும் என்பதைப் பிரெஞ்சு அரசியல் அறிஞர் மாரிஸ் துவர்ஜே 1951இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அதற்கு அவர் இரண்டு காரணங்களைச் சொன்னார். முதலாவது கணக்கு: நாடெங்கும் பரவலாக 15 சதவீதம் ஆதரவு உள்ள கட்சி எந்தத் தொகுதியிலும் முதலிடத்துக்கு வராது, ஆகவே இடமே பெறாது. இரண்டாவது வாக்காளரின் மனம்: ஒரு தேர்தலில் இதைக் கண்டவர்கள் அடுத்த தேர்தலில் மனத்துக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, ஜெயிக்க வாய்ப்புள்ள இருவரில் யார் வரவே கூடாதோ அவருக்கு எதிராகக் குத்துகிறார்கள். முதல் காரணம் சிறிய கட்சியின் இடங்களைப் பறிக்கிறது. இரண்டாவது அதன் ஓட்டையும் பறிக்கிறது.

அமெரிக்க அதிபர் தேர்தலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் 270 பேரின் ஆதரவு பெற்றவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாகாணங்களைத் தவிர மற்ற 48 மாகாணங்களிலும், மாகாணத்தில் முதலிடம் பெற்றவருக்கே அங்குள்ள தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் போய்ச் சேர்கின்றன. 1948 தேர்தலில் இரண்டு மூன்றாம் கட்சிக்காரர்கள் நின்றார்கள். ஸ்ட்ராம் தர்மண்ட், ஹென்றி வாலஸ் இருவருக்கும் தேசிய அளவில் ஆளுக்கு 2.4 சதவீதம்தான். இனப் பிரிவினையைக் காக்கக் கிளம்பிய தர்மண்டின் ஆதரவு தென்மாகாணங்களில் குவிந்திருந்ததால் அவருக்கு 39 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. இனப் பிரிவினையை எதிர்த்து நின்ற வாலஸின் ஆதரவு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1992இல் டெக்சஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று 18.9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.97 கோடி ஓட்டு வாங்கினார். அவருக்கும் தேர்வாளர் வாக்கு பூஜ்யம்தான்.

யாருக்கும் 270 கிடைக்காமல் செய்துவிட்டுப் பேரம் பேசலாமே என்றால், அதற்கும் அரசியல் சாசனம் வழி விடவில்லை. அப்படி நேர்ந்தால் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். மாகாணத்துக்கு ஓர் ஓட்டு. அந்தச் சபையில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இரண்டு பெரிய கட்சிக்காரர்கள்.

மூன்றாம் கட்சிக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்ற எண்ணத்தை அமெரிக்க நெஞ்சில் ஆழப் பதித்தது 2000ஆம் ஆண்டுத் தேர்தல். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இருவருக்குமான போட்டி புளோரிடா மாகாணத்தில் வந்து நின்றது. அங்கே பதிவான ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் புஷ்ஷுக்கு 29,12,790, கோருக்கு 29,12,253. வித்தியாசம் 537. நுகர்வோர் உரிமைக்காக நீண்ட காலம் போராடிய ரால்ஃப் நாடர் பசுமைக் கட்சி சார்பில் அதே மாகாணத்தில் 97,488 ஓட்டு வாங்கியிருந்தார். தேசிய அளவில் கோர் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தார். ஆனால் புளோரிடா கைவிட்டுப் போனதால் புஷ் 271 தேர்வாளர் வாக்குகளுடன் அதிபரானார். ஈராக் போர் முதல் பல விஷயங்களுக்கு நாடருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பல ஆண்டுகள் பழி சுமந்தார்கள்.

அந்தப் பழியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புளோரிடா வாக்குச்சீட்டில் புஷ், கோர் தவிர எட்டு பேர் இருந்தார்கள். எட்டுப் பேருமே 537க்கு மேல் வாங்கினார்கள். கடைசியாக வந்தவருக்கும் 562 ஓட்டு. அப்படியானால் எட்டுப் பேரில் எவரையும் கை காட்டலாம். தம் சொந்த மாகாணமான டென்னசியில் கோர் தோற்றார். அதை வென்றிருந்தால் புளோரிடாவே தேவைப்பட்டிருக்காது. நாடர் நிற்காவிட்டால் அவருடைய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் வாக்குச்சாவடிக்கே வந்திருக்க மாட்டார்கள். புஷ்ஷுக்குப் போட்டிருக்கக் கூடியவர்களும் உண்டு. மீதமிருந்தவர்களில் கோர் பக்கம் சாய்ந்தவர்களே அதிகம் என்பதால், கணக்குப்படி கோர் வென்றிருக்கக்கூடும். ஆனால் ‘நாடர் கோரின் ஓட்டைப் பிரித்தார்’ என்று சொல்லும்போதே, அந்த ஓட்டு முதலில் கோருக்குச் சொந்தமானது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. வாக்காளர் போடும் வரை ஓட்டு யாருக்கும் சொந்தமில்லை. 2016இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப்பின் முன்னிலையைவிடப் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெயின் பெற்ற ஓட்டு அதிகமாக இருந்தபோது இதே குற்றச்சாட்டு திரும்பவும் எழுந்தது. அதே மாகாணங்களில் ஸ்டெயினைவிடக் கூடுதலாக வாங்கிய லிபர்டேரியன் வேட்பாளர் கேரி ஜான்சனைப் பற்றிப் பேச்சே இல்லை.

எண்ணும் முறை இயல்பாகவே இரண்டுக்குச் சாதகம் என்றால், மேற்கொண்டு போட்ட சட்டங்கள் வேண்டுமென்றே கட்டிய மதில்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே தத்தம் வேட்பாளர் பெயர்களை அச்சடித்துக் கொடுத்தன. வாக்காளர் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். யார் எந்தச் சீட்டைப் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் மிரட்டலும் காசும் விளையாடின. அதை ஒழிக்க, 1888இல் மாசசூசெட்ஸ் தொடங்கி மாகாணங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவில் இருந்த ரகசிய வாக்குச்சீட்டு முறையைக் கொண்டுவந்தன. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் சீட்டை அரசு அச்சடிக்கத் தொடங்கியதும், அதில் யார் பெயர் வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்த இரு கட்சிகளின் கைக்குப் போயிற்று.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒஹையோ ஒரு நல்ல உதாரணம். 1968இல் அங்கே புதுக் கட்சி ஒன்று வாக்குச்சீட்டில் இடம்பெற, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 15 சதவீதத்துக்குச் சமமான கையெழுத்துகளைத் திரட்ட வேண்டும். அதையும் பிப்ரவரி தொடக்கத்திலேயே, அதாவது தேர்தலுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் தரப்பு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. எண்ணிக்கை போதும், தேதி தப்பிவிட்டது. மாகாணம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் செல்லாது என்று அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் தயவில்தான் வாலஸின் பெயர் ஒஹையோ சீட்டில் ஏறியது. அதன் பிறகும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு விதி. ஜார்ஜியாவில் 1943இல் வந்த சட்டத்தின்படி, பிரதிநிதிகள் சபைத் தொகுதியில் நிற்க விரும்பும் மூன்றாம் கட்சிக்காரர் அத்தொகுதி வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்தைக் காட்ட வேண்டும். பெரிய கட்சி வேட்பாளருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாடு முழுவதும் நிற்க நினைக்கும் சிறிய கட்சி, கையில் இருக்கும் காசையும் ஆட்களையும் கையெழுத்துக்கும் வக்கீலுக்குமே செலவழித்துவிட்டுப் பிரசாரத்துக்கு வரும்போது களைத்துப்போயிருக்கும்.

தொலைக்காட்சி விவாதம் இன்னொரு தடை. 1992இல் பெரோ மூன்று விவாதங்களிலும் மூத்த புஷ், கிளின்டன் இருவருக்கும் பக்கத்தில் நின்று பேசினார். பற்றாக்குறை பட்ஜெட்டை நாட்டின் முதல் பிரச்சினையாக்கினார். 1996இல் அவரை விவாதத்துக்குக் கூப்பிடவில்லை. அவர் பெற்ற ஓட்டு 8.4 சதவீதமாக இறங்கியது. 2000 முதல், கருத்துக்கணிப்புகளில் 15 சதவீத ஆதரவு இருந்தால்தான் மேடை என்று விவாத ஆணையம் விதி வைத்தது. அந்த ஆணையத்தை 1987இல் உருவாக்கியவர்கள் இரு பெரிய கட்சிகளின் அன்றைய தலைவர்கள். மேடை ஏறினால்தான் ஆதரவு வளரும், ஆதரவு இருந்தால்தான் மேடை என்ற நிலையில் புதியவர் எங்கே தொடங்குவது?

இவற்றையெல்லாம்விடச் சிறிய கட்சிகளை அதிகம் முடக்கியது, அதிகம் பேசப்படாத ஒரு தடை. 19ஆம் நூற்றாண்டில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம். இரண்டு கட்சிகளின் பேரிலும் அவருக்கு விழும் ஓட்டைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். சிறிய கட்சி தனக்கென்று எவ்வளவு ஓட்டு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொள்ளலாம். அதே சமயம் பிடிக்காதவர் ஜெயிக்க வழி விட்டதாகவும் ஆகாது. விவசாயிகளின் மக்கள் கட்சி 1890களில் இந்த வழியில் வளர்ந்ததைக் கண்டு மாகாணங்கள் ஒவ்வொன்றாக இதைத் தடை செய்தன. 1997இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரு கட்சி முறையின் ஸ்திரத்தன்மையைக் காப்பது மாகாணத்தின் நியாயமான நோக்கம் என்று ஏற்றுக்கொண்டது. நியூயார்க் போன்ற சில மாகாணங்களில் மட்டும் அந்தப் பழைய முறை இன்றும் உயிரோடிருக்கிறது.

கூட்டணி என்ற இந்த வாசல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. எண்ணும் முறை இங்கும் அதேதான்; பல பத்தாண்டுகள் ஆட்சி இரண்டு திராவிடக் கட்சிகளுக்குள்ளேயே மாறியது. ஆனாலும் தொகுதி உடன்பாட்டின் மூலம் இடதுசாரிகளும் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் சட்டமன்றத்தில் இடம்பிடித்தார்கள். தே.மு.தி.க. 2006இல் தனித்து நின்று 8.4 சதவீதம் ஓட்டு வாங்கி ஒரே ஒரு தொகுதியில், விருத்தாசலத்தில், வென்றது. 2011இல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்து 7.9 சதவீதம்தான் வாங்கியது. கிடைத்த இடங்கள் 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓட்டு குறைந்தது, இடம் பெருகியது. கூட்டணியின் தயவில் வாழும் கட்சி தன் குரலை எவ்வளவு காலம் காப்பாற்ற முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் அமெரிக்கச் சிறு கட்சிகளுக்கு அந்தச் சோதனைக்கு உட்படும் வாய்ப்பே பெரும்பாலும் இல்லை.

அதிபர் பதவியைப் பிடிக்காததால் அமெரிக்க மூன்றாம் கட்சிகள் ஒன்றுமே சாதிக்கவில்லை என்று எண்ணுவது பெரும் தவறு. 1848இல் நின்ற ஃப்ரீ சாயில் கட்சி, புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்றது. பத்து சதவீதம் ஓட்டு வாங்கியது, எந்த மாகாணத்தையும் வெல்லவில்லை. ஆறே ஆண்டுகளில் அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி அடிமைப் பிரச்சினையில் உடைந்து நொறுங்க, அந்தச் சிதறல்களும் ஃப்ரீ சாயில்காரர்களும் சேர்ந்து குடியரசுக் கட்சி பிறந்தது. 1860இல் நால்வர் போட்டியில் 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டுடன் லிங்கன் வென்றார். மூன்றாவதாக வந்த கட்சி முதல் இரண்டில் ஒன்றாக மாறிய ஒரே நிகழ்ச்சி இதுதான். அப்போதும் கட்சிகளின் எண்ணிக்கை மூன்றாகவில்லை. ஒன்று செத்து இன்னொன்று அதன் இடத்தில் வந்தது.

மக்கள் கட்சி 1892இல் ஒமாஹா நகரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, வருமானத்துக்கேற்ப ஏறும் வரி கேட்டது. செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 8.5 சதவீத ஓட்டும் 22 தேர்வாளர் வாக்குகளும் பெற்றார். நான்கு ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சி அதன் கோரிக்கைகளில் சிலவற்றையும் ஆதரவாளர்களையும் சேர்த்தே விழுங்கிவிட்டது. கட்சி மறைந்தது. ஆனால் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் 1913இல் அரசியல் சாசனத் திருத்தங்களாயின. 1912இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சி அமைத்து 27.4 சதவீதம் வாங்கி, பதவியிலிருந்த டாஃப்டையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வேலையிழந்தவர்களுக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்ற அவர் கட்சியின் கோரிக்கையின் ஒரு பகுதி, 1935இல் இன்னொரு ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் சட்டமாயிற்று. எல்லா மூன்றாம் கட்சியும் முன்னோக்கித் தள்ளியதாகச் சொல்ல முடியாது. ஜார்ஜ் வாலஸ் 1968இல் இனவெறுப்பை மூலதனமாக்கி ஐந்து தென்மாகாணங்களை வென்றார். அந்த ஓட்டுகளை அள்ளத் துடித்த குடியரசுக் கட்சி தன் முகத்தையே மாற்றிக்கொண்டது. ஓட்டு எங்கே ஒழுகுகிறதோ அங்கே பெரிய கட்சி ஓடிவரும். வீண் என்று சொல்லப்படும் ஓட்டுக்கு இருக்கும் வலிமை இதுவே.

வெளியே நின்று மோதுவதைவிட உள்ளே புகுவது எளிது என்று கண்டவர்களும் உண்டு. பெரிய கட்சிகளின் வேட்பாளரை அங்கே சாதாரண வாக்காளர்களே உட்கட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். டொனால்டு டிரம்ப் 2000 தேர்தலுக்குப் பெரோவின் சீர்திருத்தக் கட்சி வேட்பாளராக முயன்று பாதியில் விலகினார். 2016இல் குடியரசுக் கட்சிக்குள் நுழைந்து அதையே கைப்பற்றினார். சுயேச்சை செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இரண்டு முறை நின்றார். கட்சிகள் இரண்டே என்றாலும் அவற்றின் உள்ளடக்கம் மாறுவது இந்த வழியில்தான். ஆனால் நவம்பர் மாதம் வாக்காளர் கைக்கு வரும் தேர்வு இரண்டாகவே இருக்கிறது.

ஆக, மூன்றாவதாக ஒருவருக்கு ஓட்டுப் போடலாமா என்று வாக்காளரை உலுக்குவதில் பயனில்லை. அந்தத் தர்மசங்கடத்தை உண்டாக்குவது எண்ணும் முறை என்பதால், அதை மாற்றிய இடங்களைப் பார்ப்பதுதான் பொருத்தம். 1918இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் தொழிற்கட்சிக்கு எதிரான ஓட்டுகள் இரண்டாகப் பிரிய, மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய ஓட்டுடன் தொழிற்கட்சி வென்றது. அதே ஆண்டு ஆஸ்திரேலியா விருப்ப வரிசை முறைக்கு மாறியது. வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

மெய்ன் மாகாணம் 2016இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இதை ஏற்றது. 2018இல் அதன் இரண்டாவது பிரதிநிதிகள் சபைத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்வின் முதல் சுற்றில் 46.3 சதவீதம் பெற்று, ஜனநாயகக் கட்சியின் ஜாரட் கோல்டனைவிடச் சுமார் 2,000 ஓட்டு முன்னால் இருந்தார். சுயேச்சைகள் இருவருக்கு ஏறத்தாழ 23,000 ஓட்டு விழுந்திருந்தது. பழைய முறை என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். சுயேச்சைகள் மீது பழியும் விழுந்திருக்கும். அவர்களை நீக்கிவிட்டு அந்தச் சீட்டுகளின் அடுத்த விருப்பத்தை எண்ணியபோது கோல்டன் சுமார் 3,500 ஓட்டில் வென்றார். பொலிக்வின் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இலங்கை அதிபர் தேர்தலிலும் மூன்று பேர் வரை விருப்ப வரிசை இடலாம். முதல் இருவரைத் தவிர மற்றவர்களை ஒரேயடியாக நீக்கிவிட்டு எண்ணுவது அங்குள்ள வழக்கம். 1982 தேர்தல் முதலே நடைமுறையில் இருந்தும், விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலை 2024 செப்டம்பரில்தான் முதல்முறையாக வந்தது. 2019இல் மூன்று சதவீதம் மட்டுமே பெற்ற அனுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்துடன் முதலிடம் வந்து, இரண்டாவது எண்ணிக்கைக்குப் பின் அதிபரானார். மாறி மாறி ஆண்ட இரு முகாம்களும் பொருளாதார வீழ்ச்சியில் நம்பிக்கை இழந்ததே இதற்கு முதன்மைக் காரணம். எண்ணும் முறை அதைத் தடுக்கவில்லை என்பது மட்டுமே இங்கே கவனிக்க வேண்டியது.

விருப்ப வரிசை முறையிலும் குறை உண்டு. அலாஸ்காவில் இந்த முறையில் நடந்த 2022 இடைத்தேர்தலில் மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச் மூவர் நின்றார்கள். மூன்றாவதாக வந்த பெகிச் நீக்கப்பட்டு, இறுதியில் பெல்டோலா பேலினை வென்றார். சீட்டுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பெகிச் நேருக்கு நேர் நின்றிருந்தால் மற்ற இருவரையும் தனித்தனியே தோற்கடித்திருப்பார் என்று தெரிந்தது. நடுவில் நிற்பவர் முதல் விருப்பம் குறைவு என்பதால் வெளியேறும் ஆபத்து இதில் இருக்கிறது.

இன்னொரு வழி விகிதாசாரம். நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சியைவிடக் குறைவான ஓட்டு பெற்ற நேஷனல் கட்சி ஆட்சி அமைத்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் கிடைத்தது இரண்டே இடங்கள். 1993 வாக்கெடுப்பில் மக்கள் கலப்பு விகிதாசார முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996 முதல், 5 சதவீத ஓட்டோ ஒரு தொகுதியோ பெற்ற கட்சிக்கு அதன் ஓட்டுக்கேற்ற இடம் உண்டு. இதற்கும் விலை இருக்கிறது. 2017இல் 7 சதவீதம் மட்டும் பெற்ற நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி, அதிக இடம் வென்ற நேஷனலை ஒதுக்கிவிட்டு தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்தியது. ஆனாலும் 2011இல் மறுபடி கேட்டபோது மக்கள் இந்த முறையையே வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக்கு விகிதாசாரம் கொண்டுவர அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. தொகுதிக்கு ஒருவர் என்று கட்டாயப்படுத்தும் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றினால் போதும். மாற்ற வேண்டியவர்கள் அந்தச் சட்டத்தால் ஜெயித்து வந்தவர்கள். அதனால் சீர்திருத்தக்காரர்கள், மக்களே மனு கொடுத்து வாக்கெடுப்பு கோரும் உரிமையுள்ள மாகாணங்களை நாடினார்கள். 2024 நவம்பரில் ஓரிகன், கொலராடோ, ஐடஹோ, நெவாடா நான்கிலும் விருப்ப வரிசை முறை தோற்றது. நெவாடாவில் இரு கட்சிகளின் முன்னணித் தலைவர்களும் அதை எதிர்த்தார்கள். அலாஸ்காவில் ஏற்கெனவே இருந்த முறையை நீக்கக் கோரிய வாக்கெடுப்பு அதே நாளில் நடந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அந்த முறை தப்பியது.